பீட்டர்ஹாஃப்: அரண்மனையைவிடத் தண்ணீருக்கு நேரம் ஒதுக்குங்கள்

பீட்டர்ஹாஃப் என்பது ரஷ்யாவில் செயின்ட் பீட்டர்ஸ்பர்க் நகருக்கு வெளியே, கடலோரமாக உள்ள பழைய பேரரசர்களின் அரண்மனைப் பூங்கா. அங்கே போகிறவர்கள் வழக்கமாகச் செய்யும் தவறு, வந்ததும் வராததுமாகப் பெரிய அரண்மனையின் வரிசையில் போய் நிற்பது. கோடையில் அந்த வரிசை ஒரு மணி நேரத்தை அநாயாசமாக விழுங்கும். உள்ளே போனாலும் கூட்டத்தோடு கூட்டமாக நகர்ந்துகொண்டே இருக்கவேண்டும். வெளியே வரும்போது கால் கெஞ்சும், மதியம் தாண்டியிருக்கும், கீழே 102 ஹெக்டேர் பூங்கா அப்படியே பாக்கி கிடக்கும். அரண்மனை அழகுதான், மறுப்பதற்கில்லை. ஆனால் அதே போன்ற பொன்முலாம் மண்டபங்கள் செயின்ட் பீட்டர்ஸ்பர்க் நகருக்குள்ளும் சுற்றுவட்டாரத்திலும் வேறு இருக்கின்றன. பீட்டர்ஹாஃபில் மட்டும் இருப்பது தண்ணீர். நான்கு நீர்ப்படிக்கட்டுகளும் 150 அளவிலான ஊற்றுகளும் ஒரு பம்புகூட இல்லாமல் பகல் முழுக்க ஓடுகின்றன. 1721-இல் வெட்டிய கால்வாயை நம்பி இன்றும் ஓடுகின்றன. பணம் கொடுத்துப் பார்க்க வேண்டியது அதைத்தான்.

இந்த இடம் வந்த கதையிலிருந்தே தண்ணீர்தான் முடிவெடுத்திருக்கிறது. பேரரசர் முதலாம் பீட்டர் தன் கோடைக்கால மாளிகையை ஃபின்லாந்து வளைகுடாக் கரையிலேயே, நகரத்துக்கு இன்னும் அருகில் உள்ள ஸ்ட்ரெல்னாவில்தான் கட்ட நினைத்தார். 1717-இல் பிரெஞ்சு மன்னர்களின் அரண்மனைகளான வெர்சாயையும் மார்லியையும் நேரில் பார்த்துவிட்டு வந்தவருக்கு அதைவிடப் பெரிய ஊற்றுகள் வேண்டும் என்று பிடிவாதம். பொறியாளர் புர்க்ஹார்ட் மின்னிக் கணக்குப் போட்டுப் பார்த்து, ஸ்ட்ரெல்னாவில் அது நடக்காது என்றார். அங்கே போதிய உயரத்துக்குத் தண்ணீரைத் தேக்க வேண்டுமென்றால் அணை கட்டிச் சுற்றுப்புற நிலத்தையெல்லாம் மூழ்கடிக்க வேண்டும். பீட்டர்ஹாஃபிலோ கடற்கரையை ஒட்டியே சுமார் 16 மீட்டர் உயர மேடு. அதற்குத் தெற்கே நிலம் படிப்படியாக ஏறி ரோப்ஷா மேட்டுநிலத்தில் போய் முடிகிறது, அங்கே வற்றாத நிலத்தடி ஊற்றுகள். 1720-இல் பீட்டரே அந்தப் பக்கம் போய் ஊற்றுக்கண்களைத் தேடிப் பார்த்தார். வசீலி துவோல்கோவ் என்ற ரஷ்ய நீர்ப்பொறியாளர் கால்வாய் அமைத்தார். 1721 ஆகஸ்டில் 20 கிலோமீட்டருக்கு அப்பாலிருந்து தண்ணீர் வந்து சேர்ந்தது.

இதை வெர்சாயோடு ஒப்பிட்டால்தான் அருமை புரியும். அங்கே சேன் நதித் தண்ணீரை மேலேற்ற 14 பெரிய நீர்ச்சக்கரங்களும் இருநூறுக்கு மேற்பட்ட பம்புகளும் கொண்ட மார்லி இயந்திரத்தைக் கட்டினார்கள். அப்படியும் தண்ணீர் போதவில்லை. மன்னர் நடந்து வரும் பாதையில் உள்ள ஊற்றை மட்டும் திறந்து, அவர் கடந்ததும் மூட, தோட்டக்காரர்கள் விசில் அடித்து ஒருவருக்கொருவர் சொல்லிக்கொண்டார்கள். பீட்டர்ஹாஃபில் அந்த நாடகம் தேவைப்படவில்லை. மேலே குளங்கள், நடுவே மதகுகள், கீழே கடல். மற்றதைப் பூமியின் ஈர்ப்பு பார்த்துக்கொள்கிறது.

வேலை செய்யும் முறை எளிது. ரோப்ஷா ஊற்றுகளின் நீர் கால்வாய்களில் இறங்கி, வழியில் உள்ள குளங்களில் தங்கித் தங்கி வருகிறது. குளங்கள் இரண்டு காரியம் செய்கின்றன. பகல் முழுக்க செலவாகும் நீரை இரவில் மீண்டும் நிரப்பிக்கொள்வது ஒன்று. மண்ணும் இலைச்சருகும் அடியில் படிந்து தெளிந்த நீர் மட்டும் கீழே போகும்படி செய்வது இன்னொன்று. கடைசிக் கட்டமாக அரண்மனைக்குத் தெற்கே உள்ள மேல்தோட்டத்தின் குளங்களில் வந்து நிற்கிறது. மேல்தோட்டத்தில் நடப்பவர்கள் சிற்பங்களைப் படம் எடுத்துக்கொண்டு போய்விடுவார்கள். அந்தச் சதுரக் குளங்கள் அழகுக்காக மட்டும் வெட்டியவை அல்ல, கீழ்ப்பூங்கா ஊற்றுகளின் தண்ணீர்த் தொட்டிகளே அவைதான். அங்கிருந்து குழாய்கள் நிலத்தடியில் இறங்குகின்றன.

பத்து மீட்டர் உயர நீர்மட்ட வித்தியாசம் என்பது ஏறக்குறைய ஒரு வளிமண்டல அழுத்தம். தொட்டியின் நீர்மட்டத்தைத் தாண்டித் தாரை ஒருபோதும் எழும்பாது. குழாயில் உராய்வு, வளைவுகளில் இழப்பு, காற்றின் தடை எல்லாம் போக, அந்த மட்டத்துக்குக் கொஞ்சம் கீழேயே நின்றுவிடும். அதனால் குழாய் அகலமாகவும், வாய் மட்டும் குறுகலாகவும் இருக்க வேண்டும். குழாய் குறுகினால் வழியிலேயே அழுத்தம் செத்துப்போகும். வாய் அகன்றால் குளம் சீக்கிரம் காலியாகும். பூங்காவின் நடுநாயகமான சாம்சன் ஊற்றின் தாரை 20 மீட்டர் எழும்புகிறது. மேல்தோட்டக் குளங்களின் உயரம் அதற்குப் போதாது. எனவே சாம்சனுக்கென்று இன்னும் தெற்கே உயரத்தில் உள்ள குளத்திலிருந்து தனி நீர்வழி போட்டிருக்கிறார்கள். மற்ற ஊற்றுகள் சோர்ந்து தெரியும் நேரத்திலும் சாம்சன் நிமிர்ந்து நிற்பதற்கு அதுவே காரணம்.

பழுது எங்கே வரும் என்றால், பெரும்பாலும் கண்ணுக்குத் தெரியாத இடத்தில். ஆரம்பத்தில் குழாய்கள் மரத்தைக் குடைந்து செய்தவை. அவை உளுத்துக் கசியும். பிறகு வார்ப்பிரும்பு வந்தது, அதற்குத் துருவும் உறைபனியும் எதிரி. குளிர்காலத்தில் குழாயில் தண்ணீர் நின்றால் உறைந்து விரிந்து வெடிக்கும் என்பதால் அக்டோபர் நடுவில் எல்லாவற்றையும் வடித்துவிடுவார்கள். வசந்தத்தில் கால்வாய்களைத் தூர்வாரி, ஒவ்வொரு தாரை வாயையும் கழற்றித் துடைத்து மாட்டுவார்கள். வாயில் ஒரு இலைக்காம்பு சிக்கினால் போதும், நேராக எழும்ப வேண்டிய தாரை விசிறியாகச் சிதறும். ஒரு ஊற்று மட்டும் தடுமாறுவதைப் பார்த்தால் அழுத்தத்தைக் குறை சொல்லாதீர்கள், வாயடைப்பாகத்தான் இருக்கும். எல்லாம் ஒருசேரத் தாழ்ந்திருந்தால் அது வறண்ட கோடை. மேலே குளங்களின் மட்டம் இறங்கிவிட்டது என்று அர்த்தம்.

சிக்கனத்துக்கு ஒரு அருமையான எடுத்துக்காட்டு மேற்குக் கோடியில், பிரெஞ்சு மார்லியின் பெயரையே இங்கே தாங்கி நிற்கும் சிறிய மாளிகைக்கு அருகே இருக்கிறது. மெனாஜெர்னி என்று பெயர் கொண்ட இரட்டை ஊற்றுகள், பிரெஞ்சில் சிக்கனம் என்ற பொருள் தரும் சொல்லிலிருந்து வந்த பெயர். தாரை மரத்தூண் போல் பருமனாகத் தெரியும். எவ்வளவு தண்ணீர் வீணாகிறது என்று நினைக்கத் தோன்றும். உண்மையில் உள்ளே வெற்றிடம். குழாயின் வாயை நடுவில் கூம்பால் அடைத்து, ஓரத்தில் மட்டும் வளையமாக மெல்லிய இடைவெளி விட்டிருக்கிறார்கள். நீர் குழல் போல எழும்புகிறது. பாதித் தூரம் நடக்கச் சோம்பி மக்கள் தவறவிடுவது இதைத்தான். இதே புத்தியின் இன்னொரு வடிவம் கிழக்கே உள்ள பிரமிடு: 505 தாரைகள், ஏழு படிகள், நடுவில் உயரமாகவும் ஓரத்தில் தாழ்வாகவும் எழும்பி வெள்ளைத் தூபி போல் நிற்கும். பெட்டி போன்ற அடிப்பாகத்தை அறைகளாகப் பிரித்து, ஒவ்வொரு அறைக்கும் வேறு வேறு அழுத்தம் கொடுத்தால்தான் அந்தப் படி கிடைக்கும். சிற்பம் எதுவும் இல்லாமல், வெறும் தண்ணீரையே கட்டடமாக எழுப்பியது நிக்கோலோ மிக்கெட்டியின் வேலை. பூங்காவிலேயே மிகவும் அறிவார்ந்த ஊற்று இது என்பது எங்கள் கணிப்பு.

பெரிய நீர்ப்படிக்கட்டுக்கு வருவோம். அரண்மனை மேட்டின் சரிவில் 64 ஊற்றுகளும் இருநூறுக்கு மேற்பட்ட சிற்பங்களும் அலங்காரங்களும் பொன் பூசி நிற்கின்றன. படிகளில் இறங்கும் நீர் ஒரு தொட்டியில் சேர்ந்து, அங்கிருந்து நேர்கோடாகக் கடல்கால்வாய் வழியே வளைகுடாவுக்குப் போகிறது. இந்தக் கால்வாய் வழியாகத்தான் ஒருகாலத்தில் படகுகள் வந்து அரண்மனையின் காலடியில் நின்றன. தொட்டியின் நடுவே சிங்கத்தின் வாயைப் பிளக்கும் சாம்சன், தமிழ் விவிலியத்தில் சிம்சோன் என்று வருபவர். சிங்கம் ஸ்வீடன்; அந்நாட்டுச் சின்னத்தில் இருப்பது. சாம்சன் ரஷ்யா. 1709-இல் பொல்தாவாவில் ஸ்வீடனைத் தோற்கடித்த நாள், பழைய நாள்காட்டியில் ஜூன் 27, புனித சாம்சனின் திருநாளில் விழுந்தது. அந்தப் புனிதர் வேறு, சிங்கத்தைக் கிழித்த சிம்சோன் வேறு. அரசவைக்கு அந்த வித்தியாசம் பெரிதாகப் படவில்லை. 1735-இல் வெற்றியின் 25-ஆம் ஆண்டு நினைவாகக் கார்லோ பர்தொலொமேயோ ரஸ்ட்ரெல்லி ஈயத்தில் வார்த்துக் கொடுத்தார்.

ஈயம் மலிவு, வார்ப்பது சுலபம், ஆனால் மென்மை. தன் எடையிலேயே தொய்யும், வெயிலிலும் பனியிலும் மாறி மாறி விரிந்து சுருங்கி உருவம் கெடும். அறுபது, எழுபது ஆண்டுகளில் படிக்கட்டுச் சிற்பங்கள் முகம் மழுங்கிப்போயின. 19-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் எல்லாவற்றையும் வெண்கலத்தில் மாற்றினார்கள். புதிய சாம்சனை 1802-இல் மிகைல் கஸ்லோவ்ஸ்கி செய்தார். இப்போது நிற்பது அதுவும் அல்ல. 1941 செப்டம்பரில் ஜெர்மன் படை பீட்டர்ஹாஃபைப் பிடித்தது. 1944 ஜனவரியில் விரட்டப்பட்டபோது அரண்மனை எரிந்த கூடு, பூங்காவின் மரங்கள் ஆயிரக்கணக்கில் வெட்டப்பட்டிருந்தன, சாம்சன் காணாமல் போயிருந்தது. இன்றுவரை கிடைக்கவில்லை. சிறிய சிற்பங்கள் பலவற்றை முன்கூட்டியே மண்ணுக்குள் புதைத்தும் வெளியூருக்கு அனுப்பியும் காப்பாற்றியிருந்தார்கள். 1946 ஆகஸ்டில் முதல் ஊற்றுகள் மறுபடி ஓடின. பழைய புகைப்படங்களைப் பார்த்து வசீலி சீமனொவ் வடித்த சாம்சன் 1947 செப்டம்பர் 14 அன்று தண்ணீர் பீச்சியது. நகரம் ஜெர்மன் படையின் பட்டினி முற்றுகையிலிருந்து மீண்டு நான்கு ஆண்டுகூட ஆகாத நேரம் அது. ஊற்றுக்கு இத்தனை அவசரமா என்று கேட்கலாம். நகரத்து மக்கள் கேட்கவில்லை, சாம்சனை லாரியில் ஏற்றி வந்த வழியெங்கும் நின்று பார்த்தார்கள்.

ஆகவே அரண்மனைக்குள் போகும்போது ஒன்று மனதில் இருக்கட்டும்: பார்ப்பதில் பெரும்பகுதி மீட்டெடுப்பு. உள்ளறைகள் 1964 முதல் ஒவ்வொன்றாகத் திறக்கப்பட்டன. "அசல் இல்லையா" என்று உதடு பிதுக்குபவர்களுக்கு ஒரு வார்த்தை. மரச்செதுக்கு, பட்டுத்திரை, பொன்னிலை ஒட்டுதல், தரைப்பலகைப் பதிப்பு ஆகிய கைத்தொழில்களைப் பழைய முறையில் கற்றுக்கொண்டு செய்திருக்கிறார்கள். அந்தக் கைவேலையே பார்க்கத் தகுந்தது. கட்டடத்தின் இன்றைய வடிவம் பேரரசி எலிசபெத்துக்காகச் சிற்பியின் மகன் பிரான்செஸ்கோ ரஸ்ட்ரெல்லி 1745 முதல் 1755 வரை விரிவாக்கியது. பீட்டர் கட்டிய சிறிய மாளிகை அதன் நடுவே ஒளிந்திருக்கிறது.

உள்ளே நான்கு அறைகளில் நிதானியுங்கள், மற்றவற்றை நடந்துகொண்டே பார்த்தால் போதும். செஸ்மா மண்டபத்தில் 1770-இல் துருக்கியக் கப்பற்படையை எரித்த போரின் 12 பெரிய ஓவியங்கள் இருக்கின்றன, வரைந்தவர் யாக்கோப் பிலிப் ஹாக்கர்ட். கப்பல் வெடித்துச் சிதறுவதை அவர் பார்த்ததில்லை என்று தெரிந்ததும், இத்தாலியின் லிவோர்னோ துறைமுகத்தருகே ஒரு பழைய போர்க்கப்பலையே வெடிக்கவைத்துக் காட்டினார், அந்தப் போரில் ரஷ்யக் கப்பற்படையை நடத்திய அலெக்ஸேய் ஓர்லோவ். அடுத்தது ஓவியக்கூடம். பியெத்ரோ ரொட்டாரி வரைந்த 368 முகங்கள் தரையிலிருந்து கூரைவரை இடைவெளி இல்லாமல். ஒரே சில மாடல்கள், வேறு வேறு உடை, வேறு வேறு பார்வை. சுவரில் ஒட்டிய தபால்தலைத் தொகுப்பு மாதிரி இருக்கும். மூன்றாவது, பீட்டரின் ஓக் மர வாசிப்பறை. நிக்கொலா பினோவின் செதுக்குப் பலகைகளில் சில அசலே, போருக்கு முன் கழற்றிக் காப்பாற்றியவை. மற்றவை புதிது. எது எதுவென்று கண்டுபிடிக்க முயன்று பாருங்கள், மரத்தின் நிறம் கொஞ்சம் காட்டிக்கொடுக்கும். நான்காவது வல்லேன் த லா மோத் அமைத்த அரக்குப் பூச்சு சீனச் சிற்றறைகள். மிச்சமுள்ள மண்டபங்களில் ரஸ்ட்ரெல்லியின் பொன்னும் கண்ணாடியும் திகட்டும். வெளியே வந்ததும் கிழக்கு, மேற்குக் கோடிகளில் உள்ள குவிமாடக் கட்டடங்களை அண்ணாந்து பாருங்கள்: கிழக்கில் தேவாலயம், மேற்கில் அரசுச் சின்னம் தாங்கிய கட்டடம். அதன் உச்சியில் உள்ள பேரரசுக் கழுகுக்கு மூன்று தலை. எந்தப் பக்கத்திலிருந்து பார்த்தாலும் இரண்டு தலை தெரிய வேண்டும் என்பதற்காக ஒன்று கூடுதல்.

பெரிய அரண்மனை, ஒரு சிறிய மாளிகை இரண்டில் ஒன்றுக்கு மட்டும் நேரமோ பணமோ இருந்தால், பெரியதை விட்டுவிட்டு மோன்பிளெசிருக்குப் போகச் சொல்வோம். கடல் விளிம்பில், அலை தெறிக்கும் தூரத்தில், செங்கல்லில் டச்சு பாணியில் ஒற்றை மாடி வீடு. 1714-இல் தொடங்கியது. பேரரசர் தனக்கென்று ஆசைப்பட்டுக் கட்டிக்கொண்டது இதுதான். நீலவெள்ளை டச்சு ஓடு பதித்த சமையலறை, குட்டிப் படுக்கையறை, ஜன்னலைத் திறந்தால் எதிரே குரோன்ஷ்டாட் கடற்கோட்டை. அரக்கு அறையில் 94 பலகைகள். சீன அரக்கு வேலை மாதிரி ரஷ்யத் தேவாலயப் படம் வரைபவர்கள் செய்தவை. போரில் பெரும்பாலானவை அழிந்து, பாலேக் கிராமத்து அரக்கு ஓவியர்கள் மறுபடி வரைந்தார்கள். இங்கே ஒரு எச்சரிக்கை: மழை பெய்தாலோ காற்றில் ஈரம் அதிகமானாலோ மோன்பிளெசிரை மூடிவிடுவார்கள், பழைய மரமும் பூச்சும் ஈரம் தாங்காது. காலையில் வானம் தெளிவாக இருந்தால் முதலில் இங்கே வந்துவிடுங்கள், மதியம் மேகம் கூடினால் வாய்ப்புப் போய்விடும். 1762 ஜூன் 28 விடிகாலையில் இந்த வளாகத்திலிருந்துதான் இரண்டாம் கேத்தரின் குதிரை வண்டியேறித் தலைநகர் போய்க் கணவரின் அரியணையைப் பறித்தார்.

மேற்கே எர்மித்தாஜ் மண்டபம், அகழி சூழ்ந்த இரண்டு மாடிப் பெட்டி. மேல்மாடியில் 14 பேர் அமரும் மேசையின் நடுப்பகுதி கீழே சமையலறைக்கு இறங்கி உணவோடு மேலே ஏறும். பரிமாறுபவர் காதில் பேச்சு விழக்கூடாது என்பதற்கு இந்த ஏற்பாடு. விருந்தினரையும் முதலில் இழுத்தேற்றும் நாற்காலியில்தான் மேலே அனுப்பினார்கள். 1797-இல் பேரரசர் பாவெல் ஏறியபோது வடம் அறுந்து நடுவழியில் மாட்டிக்கொண்டார், அதன்பின் சாதாரணப் படிக்கட்டு வந்துவிட்டது. பத்து நிமிடத்தில் பார்த்துவிடலாம். மார்லி மாளிகையின் உள்ளே இன்னும் குறைவுதான். ஆனால் வெளியே மீன் குளமும், கடற்காற்றைத் தடுக்கும் மண்மேடும், படிகளின் முகப்பில் பொன்முலாம் பூசிய செப்புத் தகடு பளபளக்கும் பொன்மலை நீர்ப்படிக்கட்டும் அமைதியாக இருக்கும். கூட்டம் இங்கே வருவதே இல்லை.

பிள்ளைகளோடு போனால் மோன்பிளெசிரைச் சுற்றியுள்ள ஏமாற்று ஊற்றுகளுக்கு ஒரு மணி நேரம் வைத்துக்கொள்ளுங்கள், மாற்றுத் துணியும் வைத்துக்கொள்ளுங்கள். 1735-இல் முதன்முதலில் அமைத்த குடை ஊற்றின் கீழே பெஞ்சில் உட்கார்ந்தால் விளிம்பு முழுக்க நீர்த்திரை இறங்கும். குட்டி ஓக் மரம் இலை நுனிகளில் இருந்து பீச்சும். சோபா ஊற்றின் முன்னால் கூழாங்கல் பரப்பு. குறிப்பிட்ட ஒரு கல்லை மிதித்தால் தண்ணீர் வரும் என்று பிள்ளைகள் ஒவ்வொரு கல்லாக மிதித்துத் தேடுவார்கள். ரகசியத்தைச் சொல்லிவிடுகிறோம்: கல்லில் ஒன்றும் இல்லை, பக்கத்துச் சிறு கூண்டுக்குள் ஒருவர் உட்கார்ந்து வால்வைத் திருகிக்கொண்டிருப்பார். பிள்ளைகளிடம் சொல்லவேண்டாம். நீர்ப்பாதை என்ற இன்னொன்று, நடைபாதையின் இருபுறமும் மறைந்திருந்து வளைவாக நீர் பாய்ச்சும், அது நாளில் சில குறித்த நேரங்களில் மட்டுமே, பலகையில் எழுதியிருக்கும். அரண்மனை அருகே, நான்கு வாத்துகளைத் துரத்திச் சுற்றும் செப்பு நாயின் ஊற்றும் உண்டு, நீர்ச்சக்கரம்தான் அதைச் சுழற்றுகிறது. சிறுசுகள் அதைவிட்டு நகர மறுக்கும்.

பெரியவர்களுக்கு, குறிப்பாகக் குழாய், வால்வு என்றால் ஆர்வம் உள்ளவர்களுக்கு, தனிச் சீட்டு வாங்கிப் பார்க்க வேண்டியது பெரிய நீர்ப்படிக்கட்டுக்கு அடியில் உள்ள குகைமண்டபம். மேலே பார்த்த ஒளிவெள்ளத்துக்குப் பின்னால் இருக்கும் குழாய்களையும் திறப்பு அமைப்பையும் உள்ளிருந்து பார்க்கலாம், பழம் வைத்த மேசையொன்று கை நீட்டுகிறவர் முகத்தில் தண்ணீர் அடிக்கும். 1988 முதல் 1995 வரை இந்தப் படிக்கட்டு முழுவதையும் பிரித்துச் சீரமைத்தார்கள். நீர் ஓயாமல் விழும் கல்லும் செங்கல்லும் எப்படி அரிக்கும் என்று அடியில் நின்று பார்த்தால் அதற்கான காரணம் தெரியும். எங்களைக் கேட்டால் அரண்மனைச் சீட்டுக்கு முன் இதை வாங்குங்கள்.

இனி நடைமுறை. ஊற்றுக்காலம் ஏப்ரல் கடைசியிலிருந்து அக்டோபர் நடுவரை. அதற்கு வெளியே போனால் வறண்ட தொட்டிகளும், பனிக்காகப் பலகைப் பெட்டி போட்டு மூடிய சலவைக்கல் சிலைகளும்தான். அந்தக் குளிர் மாதங்களில் கீழ்ப்பூங்காவுக்குக் கட்டணம் வாங்குவதில்லை என்பது வழக்கம், மேல்தோட்டம் ஆண்டு முழுக்க இலவசம். கோடையில் கீழ்ப்பூங்காச் சீட்டு ஒருமுறை நுழைவுக்கு மட்டும். சாப்பிட வெளியே போய்த் திரும்பி வரலாம் என்று நினைத்தால் இன்னொரு சீட்டு எடுக்க வேண்டியதுதான். அரண்மனை, மோன்பிளெசிர், எர்மித்தாஜ், மார்லி, குகை என ஒவ்வொன்றுக்கும் தனித்தனிச் சீட்டு. எங்கள் பெரிய குறை இதுதான். ஐந்தாறு முறை பையைத் திறக்கவைப்பதற்குப் பதில் எல்லாவற்றுக்கும் சேர்த்து ஒரு நாள் சீட்டு என்பதை முதல் தேர்வாக வைத்திருக்கலாம். விடுமுறை நாளும் கட்டடத்துக்குக் கட்டடம் வேறு. பெரிய அரண்மனைக்குத் திங்கள்கிழமையும், மாதத்தின் கடைசிச் செவ்வாயும் விடுமுறை. போகும் நாளுக்கான பட்டியலை அருங்காட்சியகத் தளத்தில் பார்த்து, அரண்மனைக்கு நேரம் குறித்த சீட்டை இணையத்திலேயே எடுத்துவிட்டால் வரிசை பாதியாகும். 2022 மார்ச்சிலிருந்து வெளிநாட்டு விசா, மாஸ்டர்கார்டு அட்டைகள் ரஷ்யாவில் செல்லாது என்பதால் ரூபிள் ரொக்கம் கையில் இருக்கட்டும். கழிப்பறை, தண்ணீர் பாட்டில், ஐஸ்கிரீம் எல்லாவற்றுக்கும் அது தேவைப்படும். பூங்காவுக்குள் சாப்பாடு விலை அதிகம், ருசி சுமார். பொட்டலம் கட்டிக்கொண்டு போவது புத்திசாலித்தனம்.

வழி இரண்டு. மிதவைச் சிறகு கொண்ட மெட்டியோர் படகு குளிர்கால அரண்மனை அருகிலிருந்து அரை மணி நேரத்துக்குக் கொஞ்சம் கூடுதலாக எடுத்துக் கடல்கால்வாயின் வாயில் இறக்கிவிடும். காசு அதிகம், ஆனால் பீட்டரின் விருந்தினர்கள் பார்த்த அதே கோணத்தில், தண்ணீர்ப் பாதையின் மறுமுனையில் அரண்மனையைப் பார்த்தபடி நுழையலாம். காற்று பலமானால் படகு நிற்கும். அன்று திரும்பும் சீட்டு வைத்திருப்பவர்கள் பாடு திண்டாட்டம். ஒருவழிப் பயணத்துக்கு மட்டும் படகு எடுத்து, திரும்புவதற்கு நிலவழியை நம்புவது நல்லது. நிலவழி என்றால் பால்டிக் ரயில்நிலையத்திலிருந்து நோவி பீட்டர்ஹாஃபுக்கு மின்ரயில், சுமார் 40 நிமிடம், அங்கிருந்து பத்து நிமிடப் பேருந்து. அல்லது ஆவ்தோவோ மெட்ரோ வாசலில் 200, 210 எண் பேருந்துகள், இறங்கும் நிறுத்தத்தின் பெயரே ஃபொந்தானி, ஊற்றுகள் என்று பொருள். நெரிசல் நேரத்தில் பேருந்து நத்தை, ரயில்தான் நேரம் தவறாது.

பத்தே காலுக்குள் உள்ளே இருங்கள். பதினொரு மணிக்கு ரெய்ன்ஹோல்ட் கிலியேரின் இசை ஒலிக்க, பெரிய நீர்ப்படிக்கட்டு உயிர்பெற்றுச் சாம்சன் எழும்பும். கூட்டம் அரண்மனை மேடையில் குவியும். நீங்கள் கடல்கால்வாயின் மேலுள்ள முதல் பாலத்தில் இடம் பிடியுங்கள், தாரையும் முகப்பும் ஒரே கோட்டில் விழும். அரண்மனையின் இந்த முகப்பு வடக்கு நோக்கியது. நடுப்பகலில் வெயில் முதுகுக்குப் பின்னால் அல்ல, கண்ணுக்கு நேரே இருக்கும், படத்தில் பொன் கறுத்துப்போகும். ஜூன், ஜூலையில் மாலைச் சூரியன் வடமேற்கு வரை போவதால் கடைசி ஒரு மணி நேரத்தில்தான் பொன்னுக்கு நிறம் வரும். தொடக்க விழா முடிந்து எல்லோரும் அதே இடத்தில் படம் எடுத்துக்கொண்டிருக்கும்போது கிழக்கே நடங்கள். வத்திக்கானின் புனித பீட்டர் சதுக்கத்து ஊற்றுகளைப் பார்த்துச் செய்த ரோமன் ஊற்றுகள், வண்ண டிராகன்கள் உட்கார்ந்திருக்கும் சதுரங்க மலை, பிரமிடு, மோன்பிளெசிர் எல்லாம் அந்தப் பக்கம். பிறகு கரையோரமாகவே மேற்குக் கோடி வரை. பூங்கா கடலோரமாக ஏறக்குறைய இரண்டு கிலோமீட்டர் நீண்டது, சரளைக்கல் பாதை, எனவே குதிகால் செருப்பு வேண்டாம். காற்று வளைகுடாவிலிருந்து வீசும் நாளில் சாம்சனின் சாரல் படிக்கட்டுப் பக்கமே அடிக்கும். ஜூலையானாலும் காற்றுத் தடுக்கும் மேலங்கி ஒன்று வேண்டும். அரண்மனைக்கு மதியம் மூன்றரைக்கு மேல் நேரம் குறித்துக்கொள்ளுங்கள், சுற்றுலாப் பேருந்துகள் அதற்குள் கிளம்பத் தொடங்கியிருக்கும். உள்ளே தரைப்பலகை கீறாமலிருக்க காலணிக்கு மேல் உறை மாட்டச் சொல்வார்கள்.

கால் தெம்பிருந்தால், கிழக்குச் சுவருக்கு அப்பால் அலெக்சாந்திரியா பூங்கா. முதலாம் நிக்கோலஸ் குடும்பத்துக்காக 1820-களில் எழுந்த காட்டேஜ் மாளிகை அங்கே இருக்கிறது. கடைசிப் பேரரசரின் மகன் அலெக்ஸேய் 1904-இல் பிறந்ததும் இந்தப் பூங்காவின் கரையோர வீட்டில்தான். கீழ்ப்பூங்காவைப் போல ஊற்று வரிசை கிடையாது, கூட்டமும் கிடையாது.

பலர் தவறவிடும் ஒரு காட்சி மாலையில் ஊற்றுகளை நிறுத்துவது. விழாவோ இசையோ கிடையாது. வால்வுகள் ஒவ்வொன்றாக மூடப்படும், சாம்சனின் தாரை தடுமாறி, பாதியாகி, சிங்கத்தின் வாய்க்குள் இறங்கிவிடும். படிகளில் மிச்சத் தண்ணீர் சில நிமிடம் சொட்டிக்கொண்டிருக்கும். அப்போதுதான் பகல் முழுக்க எவ்வளவு சத்தத்துக்குள் நின்றிருந்தோம் என்று காதுக்குத் தெரியும். கடைசிப் படகுக்குச் சீட்டு எடுத்தவர்கள் மட்டும் இதற்காக நிற்க வேண்டாம். துறைக்குப் போகும் வழி தோன்றுவதைவிட நீளம்.